குளோவிஸ் இன்னும் இறங்கலை

— தெக்கத்திச் சூறைக்காத்தா? போங்கண்ணே. காலையில அதே வழியாத்தானே நானும் வந்தேன். கீழ பனிமூட்டம் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். மேல ஏறினதும் வானம் பளிச்சுனு இருந்துச்சு, சத்தியமா.

— எர்லான், நீ சத்தியம் பண்ணினாலே எனக்குச் சந்தேகம்தாண்டா. நான் சொல்றேன் கேளு. ஒரே பண்ணை. ரெண்டு விமானம். ஆளுக்கொரு உரிச்ச மாட்டை ஏத்திக்கிட்டுக் கிளம்பணும். நீ வந்து இறங்கி, கறியைக் கடைக்கு அனுப்பி, ரெண்டு காபியும் குடிச்சாச்சு. பின்னாடியே வர வேண்டிய குளோவிஸைக் காணோம். காத்து இல்லேன்னா வேற என்ன?

— எடை, நெமேசியோ அண்ணே. அந்த ஆளு மாட்டோட நிறுத்தமாட்டாரு. போன மழைக்குப் பண்ணைக்காரரோட மாமியாரையும் மாட்டு மேல உக்கார வச்சுக்கிட்டு வந்தாரே! வேலிக்கு ஒரு சாண் முன்னாடிதான் சக்கரம் தரையை விட்டுச்சு. அந்தம்மா இன்னும் ஜெபத்தை நிறுத்தலையாம்.

— மெதுவாப் பேசு. அவன் பொண்டாட்டி அடுப்படியிலதான் நிக்கிறா.

— காது நல்லாத்தான் கேக்குது. பேசுங்க, பேசுங்க. என் புருஷன் எப்படிச் செத்தான்னு எனக்கும் தெரியணுமில்ல?

— ஐயோ ஸோய்லாக்கா, யாரு செத்ததுன்னு சொன்னா?

— நீ வாயை மூடு எர்லான். இந்த விமானத் திடல்ல காபிக்கடை போட்ட நாள்ல இருந்து பார்க்குறேன். ஒருத்தன் வரலேன்னா நீங்க முதல்ல காத்துன்னுவீங்க. அப்புறம் எடைன்னுவீங்க. அப்புறம் ஓடுபாதையில மாடு, பெட்ரோல்ல தண்ணி. கடைசியில, வேற பண்ணையில ஒரு பொம்பளைன்னுவீங்க. தயவுசெஞ்சு அந்தக் கடைசிக்கே வாங்க. அதுல மட்டும்தான் அவன் உசுரோட இருக்கான்.

— பொம்பளையா? அந்த மூஞ்சிக்கா?

— ஏன் எர்லான், என் புருஷன் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?

— ஒரு குறைச்சலும் இல்லக்கா. பெட்ரோல்ல தண்ணியும் இல்ல. நேத்து ரெண்டு விமானத்துக்கும் என் தொப்பியில வடிகட்டித்தான் ஊத்தினோம்.

— அந்தத் தொப்பியிலயா? அதைப் பிழிஞ்சாலே விமானம் ஓடுமே. சரி, பண்ணையை ரேடியோவுல கூப்பிட்டியா?

— தொண்டை வறண்டுபோச்சுண்ணே. பதிலே இல்ல. அவங்க பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. நேத்து கன்னுக்குட்டிகளுக்குச் சூட்டு முத்திரை போட்ட விருந்து இல்லையா, பாட்டுப் பெட்டிக்காக என் விமானத்து பேட்டரியைத்தான் கழட்டிக் குடுத்தேன். விடிய விடிய ஆட்டம். அதுலயும் சொட்டு மிஞ்சியிருக்காது.

— நீங்க ஆடினதை அப்புறம் கேட்டுக்கிறேன். இப்ப யாரு தேடப் போறது?

— நான் போறேன் ஸோய்லா. யாக்குமா ஆத்தோரமாப் பார்க்குறேன். எர்லான், நீ சதுப்புப் பக்கம் போ. மத்தியானத்துக்கு மேல தெக்கத்திக் காத்து நிஜமாவே வந்துரும். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு குருவியும் ஏறாது.

— ரெண்டு நாளா? அவன் எங்கயாவது கால் ஒடிஞ்சு கிடந்தா?

— அழாதீங்கக்கா. என் விமானம் இன்னைக்குக் குதிரை மாதிரி இருக்கு. விசையைத் தொட்டேன், பிடிச்சுக்கிச்சு. கதவு ஒரே சாத்துல சாத்திக்கிச்சு.

— உன் விமானத்துக் கதவா? நீ கயிறு போட்டுல்ல கட்டுவ?

— அதைத்தாண்ணே சொல்றேன். எனக்கு நல்ல நேரம் வந்தாச்சு. மிர்த்தா என்னை மன்னிச்சுட்டா.

— உன் பொண்டாட்டியா? கார்னிவல்ல இருந்து உன்னை வாசப்படி ஏறவிடாதவளா?

— அவளேதான். வாயால ஒண்ணும் சொல்லலை. ஆனா இன்னைக்குப் பார்த்தா சீட்டுல பூ தைச்ச மெத்தை. கண்ணாடிக்கு மேல லொரேத்தோ மாதா படம். பின்னால ஒரு தூக்குல உப்புக்கண்டம் போட்ட மஹாதீத்தோ சோறு, பொரிச்ச வாழைப்பழம், மேல ரெண்டு முட்டை. எப்ப வந்து வச்சாளோ, நேத்து என் கண்ணுலயே படலை. நடு வானத்துல சாப்பிட்டுக்கிட்டே அழுதேண்ணே, சத்தியமா. ரேடியோவுல அவளுக்கு நன்றியும் சொல்லிட்டேன். எல்லாப் பண்ணையும் கேட்டிருக்கும். ராத்திரி வீட்டுக்கு வர்றேன்னும் சொல்லிட்டேன்.

— என்ன பூ?

— என்னக்கா?

— மெத்தையில. என்ன பூ தைச்சிருக்கு?

— பட்டுஹூ பூ, சிவப்பும் மஞ்சளுமா. ஓரத்துல ஒரு பூ மட்டும் பாதியில நிக்குது. நூல் தீர்ந்திருக்கும், பாவம்.

— நூல் தீரலை. என் புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு.

— எர்லான். நான் சொல்றேன் கேளு. கழட்டிக் குடுத்த பேட்டரியைத் திரும்ப யாரு மாட்டினது?

— அது... யாராச்சும் மாட்டியிருப்பாங்க. நான் எந்திரிச்சப்ப என் கையே எனக்குத் தெரியலண்ணே, அவ்வளவு பனி. மாமரத்தடியில வெள்ளையா ஒரு விமானம் நின்னுச்சு. ஏறினேன்.

— மாமரத்தடியில எத்தனை வெள்ளை விமானம்டா நின்னுச்சு?

— ரெண்டு.

— சாவி?

— சாவியை யாருண்ணே எடுக்கிறா? எல்லாத்துலயும் தொங்கிக்கிட்டுத்தானே இருக்கும்.

— வால்ல நம்பரைப் பார்க்கலையா?

— சேறு அப்பியிருந்துச்சு. என் வாலும் எப்பவும் அப்படித்தானே.

— ஸோய்லா, அழுகையை நிறுத்தும்மா. உன் புருஷன் ஆத்துலயும் இல்ல, சதுப்புலயும் இல்ல. மாமரத்தடியில, பேட்டரி இல்லாத ஓட்டை விமானத்துல, ஈ மொய்க்கிற மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து இந்தக் கழுதையைத் திட்டிக்கிட்டிருக்கான்.

— உசுரோடயா?

— அந்த மாட்டைத் தவிர எல்லாரும் உசுரோடதான்.

— என் தாயே, லொரேத்தோ மாதாவே! வரட்டும், அவனைக் கட்டிப் பிடிச்சுட்டு அப்புறம் கொல்றேன். இல்ல, முதல்ல இவனை. டேய், அந்த ரெண்டு முட்டையையுமா தின்ன?

— ரெண்டையும்க்கா.

— எந்திரிடா எர்லான். காத்து வர்றதுக்குள்ள ஒரு நல்ல பேட்டரியைத் தூக்கிக்கிட்டுப் போய் அவன் விமானத்தை அவன்கிட்ட குடு. ஏண்டா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? அதான் ஆளு கிடைச்சாச்சே!

— அது இல்லண்ணே... அப்ப மிர்த்தா என்னை மன்னிக்கலையா?