எட்டாவது சேட்டிலைட்

மத்தியானம் ரெண்டே முக்கால்… ஆமா, மத்தியானம்தான். பேய்னா ராத்திரி பன்னண்டுக்குத்தான் வரணும்னு யாராவது சட்டம் போட்டிருக்காங்களா? நல்ல வெயில். பழைய ரோடு. புது பைபாஸ் போட்டதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஈ காக்கா போறதில்ல. தார் பேந்து, நடுவுல புல்லு மொளச்சுக் கெடக்கு. அந்த ரோட்டுல ஒரு ஸ்கூட்டர்… ரெண்டு பேரு… பின்னாடி உக்காந்திருக்கிறவர் மடியில ஒரு ட்ரோன்.

அவர் வேற யாருமில்ல, நம்ம கூட்டாளி சுருட்டையோட சித்தப்பா. ஏசி மெக்கானிக். பட்டப்பேரு 'பொறுமை'. அது சுத்தமாக் கெடையாது, அதனாலதான் அந்தப் பேரு. ஒரு ஸ்க்ரூ கழல மாட்டேங்குதுன்னு ஏசியையே எட்டி ஒதச்ச மனுஷன். வண்டி ஓட்டுறது அவர் பொண்ணு. வீட்டுல 'பாப்பா'. இருபத்திரண்டு வயசுப் பாப்பா. மறுநாள் காலையில முதல் வேலைக்குக் கெளம்புது. பஸ்ல பன்னண்டு மணி நேரம்.

விஷயம் என்னன்னா… மூணு வருஷம் முன்னாடி அப்பாவும் பொண்ணும் சேர்ந்து ஒரு ட்ரோன் செஞ்சாங்க. முதல் நாளே காத்து அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. போனது போனதுதான். பாப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அப்ப இவர் வாய விட்டுட்டாரு. "அடுத்தது ஜிபிஎஸ் வெச்சுச் செய்றேன்டா. ஒரு சுவிட்சைத் தட்டினா தானா வீட்டுக்குத் திரும்பி வரும். நீ இந்த வீட்டை விட்டுப் போறதுக்குள்ள காட்டுறேன்."

மூணு வருஷம் ஓடிருச்சு. ட்ரோன் ரெடி. ஜிபிஎஸ்தான் உயிரை வாங்குது.

அது எப்படி வேலை செய்யும்னா… வானத்துல இருக்கிற சேட்டிலைட்டுகளைப் பிடிக்கும். எட்டாவது கெடைச்சாத்தான் ட்ரோன் 'இதுதான் வீடு'ன்னு குறிச்சு வெச்சுக்கிட்டுக் கெளம்பும். இவருக்கு ஏழு. மூணு வாரமா ஏழு! மொட்டை மாடியில ஏழு, கிரவுண்டுல ஏழு. கேமரா ஒயர் தொந்தரவு பண்ணுதோன்னு தள்ளி மாட்டினாரு. ஏழு. அடுப்படியில இருந்த அலுமினியத் தாளைக் கிழிச்சுச் சுத்தினாரு. ஏழு. ஜிபிஎஸ்ஸையே புதுசு வாங்கி மாத்தினாரு. முதல்ல ஒண்ணுமே வரல. அப்புறம் பாத்தா தலைகீழா ஒட்டி வெச்சிருக்காரு, வானத்தைப் பாக்க வேண்டிய பக்கம் பூமியைப் பாத்துட்டிருக்கு. திருப்பி ஒட்டினாரு… ஏழு.

சித்தி சொன்னாங்களாம், "வீட்டு ஏசி ரெண்டு மாசமா ஓடல. இந்த மனுஷன் வானத்துல எத்தனை இருக்குன்னு எண்ணிட்டிருக்காரு."

அதான் கடைசி நாள், கடைசி முயற்சின்னு இந்த ரோட்டுக்கு வந்தாங்க. கட்டடம் இல்ல, கரண்டுக் கம்பி இல்ல. தலைக்கு மேல முழு வானம். ஒரு பக்கம் எழுத்தெல்லாம் அழிஞ்சுபோன மைல் கல்லு, அவ்வளவுதான். மஞ்ச பக்கெட் மூடி ஒண்ணை ரோட்டு நடுவுல வெச்சு, அது மேல ட்ரோனை வெச்சாங்க. இது வீடு. பாப்பா லேப்டாப்பை ஒயர்ல சொருகுச்சு.

மூணு… அஞ்சு… ஆறு… ஏழு.

அரை மணி நேரம். ஏழு.

"அப்பா, விடுங்க. ஏழே போதும்னு மாத்திட்டுப் பறக்க விடலாம்."

"போன தடவை அப்படி அவசரப்பட்டுத்தான் காத்துல விட்டோம். எட்டு வேணும்."

"நீங்களா பொறுமையைப் பத்திப் பேசுறீங்க?"

"கொழுப்புடி உனக்கு. கொண்டா அந்த லேப்டாப்பை."

இங்கதான்… இங்கதான் அவர் அந்தக் காரியத்தைப் பண்ணாரு. நல்லாக் கேளுங்க. ஒவ்வொரு சேட்டிலைட்டுக்கும் ஒரு கோணம் உண்டு. அடிவானத்துல இருந்தா சைபர். நேரா உச்சந்தலைக்கு மேல இருந்தா தொண்ணூறு. ரொம்பத் தாழ்வா இருக்கறது சரியா வராதுன்னு, பத்துக்குக் கீழ எதையும் உள்ள விடாதேன்னு ஒரு செட்டிங் இருக்கு. காவக்காரன் மாதிரி. இவர் அந்தப் பத்தை அழிச்சாரு. கடுப்புல இருந்தாரா… சைபரோட நிறுத்தல. நம்பர் போடுற கட்டம் எவ்வளவு எடுத்துக்குதோ அவ்வளவு குறைச்சாரு. மைனஸ் தொண்ணூறு.

"எவன் வேணாலும் உள்ள வாங்கடா!"ன்னு சத்தமாச் சொல்லிட்டே என்டரைத் தட்டினாரு.

டிங்.

எட்டு.

மனுஷன் ரோட்டுலயே குதிச்சாரு. பாப்பா குதிக்கல. ஸ்கிரீனையே பாத்துட்டிருந்துச்சு.

"அப்பா… இந்த எட்டாவது மைனஸ் முப்பதுன்னு காட்டுது."

"இருக்கட்டுமே."

"மைனஸ்னா பூமிக்குக் கீழப்பா. கீழ இருந்து எப்படி சிக்னல் வரும்? அதுவும் மத்த ஏழை விட இதுதான் பலமா இருக்கு."

"எங்கயாவது பட்டு எதிரொலிக்கும்டா. எட்டு வந்துச்சா இல்லையா? மூணு வருஷம்டா பாப்பா. ஒயரைக் கழட்டு."

பாப்பா அவர் முகத்தைப் பாத்துச்சு. கழட்டிருச்சு.

பறந்துச்சு… என்னமாப் பறந்துச்சுன்னு சித்தப்பா இப்பவும் சொல்லுவாராம். ஜம்முன்னு மேல ஏறி, இருநூறு மீட்டர் போய், ஒரு புள்ளி மாதிரி நின்னுச்சு. ஆடல, அசையல. ரிமோட்டைப் பாப்பா கையில குடுத்தாரு. "தட்டு."

தட்டுச்சு.

புள்ளி திரும்புச்சு. பெருசாச்சு. ங்ங்ங்ங்னு சத்தம் கிட்ட வருது. ரெண்டு பேரும் பக்கெட் மூடியைப் பாத்துட்டு நிக்கிறாங்க. தலைக்கு மேல வந்துச்சு…

நிக்கல. தாண்டிப் போயிருச்சு.

பத்து அடி தள்ளி, அந்த மைல் கல்லு பக்கத்துல நின்னுச்சு. மெதுவா எறங்குச்சு. தரையைத் தொட்டுச்சு. தொட்டதும் மோட்டார் நிக்கணும்ல? நிக்கல. இன்னும் கீழ போகப் பாக்குது. றெக்கை மண்ணுல மோதி கரக்… கரக்… கரக்னு தோண்டுது. ஒரு றெக்கை ஒடஞ்சு பறந்துச்சு. அப்பவும் நிக்கல.

சித்தப்பா ஓடிப் போய் பேட்டரியைப் பிடுங்கினாரு. அப்பதான் அந்த வாடை. ஈர மண்ணு வாடை, புதுசாத் தோண்டின மாதிரி. அங்க மழை பெஞ்சு அஞ்சு மாசம். மண்ணு காஞ்சு பொடிப்பொடியா இருக்கு. வாடை மட்டும் ஈரம்.

"அப்பா." பாப்பா ரிமோட்டுல இருக்கிற சின்ன ஸ்கிரீனைக் காட்டுச்சு. வீடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு ட்ரோன் குறிச்சு வெச்சிருக்கும்ல… மைனஸ் ரெண்டு மீட்டர்.

அதாவது தரைக்குக் கீழ ஆறடி.

பாப்பாவுக்கு ஆர்வம் அடங்கல, அந்த வீட்டுப் பொண்ணுல்ல. ஒயரைச் சொருகி லேப்டாப்ல பாத்துச்சு. எட்டாவது இப்ப மைனஸ் தொண்ணூறு. நேரா காலுக்குக் கீழ.

"இருபதாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சேட்டிலைட்டு, நாம பத்து அடி நடந்தா கோணம் மாறவே கூடாதுப்பா. மாறுதுன்னா… அது கிட்ட இருக்கு."

"கெளம்புடா."

ட்ரோனைத் தூக்கிட்டு ஸ்கூட்டருக்கு நடந்தாங்க. லேப்டாப்பைத் தொறந்த மேனிக்கே பாப்பா பக்கத்துல நடந்து வருது. பக்கெட் மூடியைத் தாண்டினாங்க. அங்க வந்தா மறுபடி முப்பதாகணும். தொண்ணூறு. ஸ்கூட்டர்கிட்ட வந்தாங்க. தொண்ணூறு. சித்தப்பா நாலு அடி எடப்பக்கம் நகர்ந்து நின்னாரு, பாப்பாவும் கூடவே நகர்ந்துச்சு.

தொண்ணூறு.

கூடவே வருது… காலுக்குக் கீழயே.

ஒயரை அத்து எறிஞ்சாரு. வீட்டுக்கு வந்து முதல் வேலையா அந்த ஜிபிஎஸ்ஸைப் பேத்து எடுத்து, பழைய ஏசி பாகமெல்லாம் போடுற டப்பாவுல போட்டு மூடினாரு. பாப்பாகிட்ட, "மன்னிச்சுக்கடா, சொன்னதைச் செய்ய முடியல"ன்னாரு. அது சிரிச்சுச்சு. "திரும்பி வந்துச்சுல்லப்பா, அது போதும்." காலையில பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தாரு.

என்னடா, யாரு அங்க எந்திரிக்கிறது? உக்காரு. இன்னும் கொஞ்சம்தான்.

ஒரு வாரம் கழிச்சு. சாயங்காலம் ஆறு மணி. சுருட்டை அன்னைக்கு அந்த வீட்டுலதான் இருக்கான். பாப்பா போன் பண்ணுச்சு. சித்தப்பா ஸ்பீக்கர்ல போட்டாரு. சாப்பாடு, ரூமு, மேனேஜரு… எல்லாம் பேசுச்சு. பதினோராவது மாடியில ரூமாம், தனியா. அப்புறம்,

"அப்பா, திட்டக் கூடாது. டப்பாவுல போட்டீங்கல்ல, அந்த ஜிபிஎஸ்ஸை நான் எடுத்துட்டு வந்துட்டேன்."

சித்தப்பா கையில இருந்த டீ கிளாஸைக் கீழ வெச்சாரு.

"உங்களுக்கு சரி பண்ணி அனுப்பலாம்னுதான்ப்பா. நீங்க மாத்தின செட்டிங்கைப் பழையபடி பத்துக்கு வெச்சுட்டேன். இனிமே கீழ இருந்து எதுவும் உள்ள வராது. இப்ப லேப்டாப்ல சொருகிப் பாத்துட்டிருக்கேன்."

"ரூமுக்குள்ளயா? உள்ள எதுவும் கெடைக்காதுடா…"

"அதான்ப்பா கேக்குறேன். ஒண்ணே ஒண்ணு கெடைச்சிருக்கு."

சித்தி அடுப்படியில இருந்து வந்து நின்னாங்க. சித்தப்பா போனைக் கிட்ட இழுத்தாரு.

"கோணம் எவ்வளவு?"

"சொருகினப்ப மைனஸ் தொண்ணூறு. பத்துன்னு வெச்சும் எப்படி உள்ள வந்துச்சுன்னு தெரியல. அப்புறம் எண்பது. அறுபது. நான் எந்திரிக்கவே இல்லப்பா, மேசையிலதான் உக்காந்திருக்கேன். அதுதான் நகருது. இப்ப… முப்பது… பதினஞ்சு…"

மைனஸ் கொறையுதுன்னா என்ன அர்த்தம்? மேல ஏறி வருது.

"பாப்பா, கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தித்தான்ப்பா இருக்கு. தாப்பாளும் போட்டிருக்கேன். …சைபர்."

சைபர்னா அவ மேசை மட்டத்துக்கு. அதே ரூமு.

"ஒயரைப் பிடுங்கு! பாப்பா, சொல்றதைக் கேளு, ஒயரைப் பிடுங்கு!"

அவர் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்களாம். அப்புறம் பாப்பா பேசுச்சு. ரொம்ப மெதுவா… பக்கத்துல யாரோ தூங்குறாங்க, எழுப்பிரக் கூடாதுங்கிற மாதிரி.

"மைனஸ் அறுபதுலயே பிடுங்கிட்டேன்ப்பா. அது என் கையிலதான் இருக்கு. ஸ்கிரீன்ல நம்பர் இன்னும் ஓடுது."

"இப்ப… இப்ப எவ்வளவு காட்டுது?"

"பிளஸ் தொண்ணூறு."