முதலில் தனக்கு

ஏரம்பு: அந்தரப்படாமல் சொல்லு. கிருபன் பிளேன் கதவாலை உள்ளை போனவன். பிறகு?

வினோதன்: அதைத்தானே மாமா ரெண்டு தரம் சொல்லிப்போட்டன்…

ஏரம்பு: ரெண்டு தரமும் ரெண்டு மாதிரிச் சொன்னனி. மூண்டாந்தரம் சொல்லு பாப்பம்.

மீனம்மா: இஞ்சேருங்கோ, அவனை மூச்சுவிட விடுங்கோ. நேற்றுத்தான் வந்து இறங்கின பிள்ளை. இந்தா தம்பி, தேத்தண்ணி. சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக் குடி.

வினோதன்: வையுங்கோ மாமி.

ஏரம்பு: நேற்று வந்தவன் எங்கடை படலையைத் தாண்டிக் குனிஞ்சுகொண்டு போனவன். ஆளனுப்பிக் கூப்பிட்டாத்தான் வாறான்.

வினோதன்: இருட்டுப்பட்டுப் போச்சு மாமா. அதுதான்…

ஏரம்பு: எட்டு மாசம் நானும் இவவும் அந்தப் படலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். வெளிநாடு போறம் எண்டு கிருபனும் நீயும் ஒண்டா வெளிக்கிட்டனீங்கள். நீ திரும்பி வந்து கதிரையிலை இருக்கிறாய். என்ரை மோன் எங்கை? எனக்கு வேறை கதை வேண்டாம். பிளேனிலை ஏறினவனோ, இல்லையோ?

வினோதன்: ஏறினவன் மாமா.

ஏரம்பு: உன்ரை கண்ணாலை கண்டனியோ?

வினோதன்: ஒண்டாத்தானே ஏறினனாங்கள். பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

மீனம்மா: அவன் சன்னலோரமோ?

வினோதன்: ஓம் மாமி. கிருபன் சன்னலோரம்.

மீனம்மா: பஸ்ஸிலையும் அவனுக்குச் சன்னல் வேணும். சண்டை பிடிச்செண்டாலும் எடுப்பான்.

ஏரம்பு: நீ குறுக்கை போகாதை. பிறகு?

வினோதன்: கதவைப் பூட்டினவை. மேலை தட்டிலை இருந்து சின்னச் சின்ன ரீவியள் இறங்கினது. நாலைஞ்சு வரிசைக்கு ஒண்டு.

ஏரம்பு: தானா இறங்கினதோ?

வினோதன்: தானா.

ஏரம்பு: ஜெனரேற்றர் ஆர் இழுத்துவிட்டது?

வினோதன்: பிளேனுக்குள்ளை கரண்ட் இருக்கு மாமா.

ஏரம்பு: ம்… இஞ்சை பத்து வருசமாக் கரண்ட் இல்லை. பறக்கிறதுக்குள்ளை இருக்கு. சரி, என்ன படம் போட்டாங்கள்?

வினோதன்: படமில்லை. ஆபத்து வந்தா என்ன செய்யிறதெண்டு காட்டினவை. பெல்ட்டைப் பூட்டுறது, கழட்டுறது, எந்தக் கதவாலை பாயிறது… ரீவியிலை ஓடேக்கை, பிளேனிலை வேலை செய்யிற, சீலை உடுத்த ஒரு பிள்ளை நடுவழியிலை நிண்டு அதையே கையாலையும் செய்து காட்டினவா.

ஏரம்பு: ஏறமுதல் அல்லோ சொல்லவேணும். கதவைப் பூட்டிப்போட்டுச் சொல்லுறாங்கள், விழுந்தாலும் விழும் எண்டு. ரீவியிலையும் காட்டி, கையாலையும் காட்டினா, அவங்களுக்கே அதிலை நம்பிக்கை இல்லை.

வினோதன்: எல்லாப் பிளேனிலையும் அப்பிடித்தானாம்.

மீனம்மா: சனம் பயப்படாதோ?

வினோதன்: ஒருத்தரும் பாக்கேல்லை மாமி. பேப்பர் வாசிக்கினம், நித்திரை கொள்ளினம். நாங்கள்தான்… நான்தான் வாயைப் பிளந்துகொண்டு பாத்தனான். கிருபனும் பாத்தவன்.

ஏரம்பு: இன்னும் என்ன காட்டினது?

வினோதன்: தண்ணியிலை விழுந்தாப் போடக் கதிரைக்குக் கீழை ஒரு மஞ்சள் சட்டை. கயிறு ரெண்டை இழுத்தாக் காத்து நிரம்பும். விசில் ஒண்டும் தொங்குது.

ஏரம்பு: விசில் என்னத்துக்கு?

வினோதன்: ஊதிக் கூப்பிட.

ஏரம்பு: கடலுக்குள்ளை நிண்டோ? நான் கொக்கிளாயிலை இருவத்தேழு வருசம் வலை இழுத்தவன். ஊதிற மூச்சு இருந்தா மனிசன் நீந்துவான். உதைச் செய்தவன் கடலிலை கால் வச்சிருக்கமாட்டான்.

மீனம்மா: கிருபன் சிரிச்சிருப்பான், என்ன?

வினோதன்: ஓம் மாமி. சிரிச்சவன்.

மீனம்மா: சாப்பாடு குடுத்தவையோ? என்ன சாப்பிட்டவன்?

வினோதன்: சோறும் கோழியும். சின்னப் பெட்டியிலை வச்சுத் தந்தவை.

ஏரம்பு: சாப்பாட்டை விடு. பறக்கமுதலே சாப்பாட்டுக்குப் போட்டியள். ரீவிக்கு வா.

வினோதன்: அவ்வளவுதான் மாமா.

ஏரம்பு: இல்லை. முதல் தரம் சொல்லேக்கை மூக்குக்கு ஏதோ எண்டு தொடங்கினனி. பேந்து விட்டிட்டாய். ரெண்டாந்தரம் அதைச் சொல்லவே இல்லை.

வினோதன்: அது… உள்ளை காத்துக் குறைஞ்சா மேலை இருந்து கோப்பை மாதிரி ஒண்டு விழும். மூக்கையும் வாயையும் மூடி மாட்டிறது.

ஏரம்பு: ஆஸ்பத்திரியிலை மாதிரி.

வினோதன்: ஓம். ரீவியிலை ஒரு தாயும் பிள்ளையும் இருக்கினம். ரெண்டு பேருக்கும் மேலை இருந்து விழுது. தாய் எடுத்து முதல் தனக்கு மாட்டிறா. பிறகுதான் பிள்ளைக்கு.

மீனம்மா: என்ன தம்பி சொல்லுறாய்? பிள்ளை பாத்துக்கொண்டிருக்கவோ?

வினோதன்: அப்பிடித்தான் மாமி செய்யவேணுமாம். முதல் தனக்கு, பிறகு பக்கத்திலை இருக்கிறவைக்கு. தான் மயங்கி விழுந்தா மற்றவைக்கு மாட்ட ஏலாதே.

ஏரம்பு: ஞாயமாத்தான் கிடக்கு.

வினோதன்: ஓம் மாமா. ஞாயம்தான்.

ஏரம்பு: தனக்கு மாட்டினவன் பிறகு மற்றவனுக்கு மாட்டினவனோ எண்டு காட்டினவையோ?

வினோதன்: அது… அதைக் காட்டேல்லை மாமா.

ஏரம்பு: தேத்தண்ணி ஆறுது. குடி.

மீனம்மா: இன்னுமொரு பேணி ஊத்தட்டோ? வயித்துக்கு ஒண்டும் எடுக்கேல்லைப்போலை. தம்பி, கிருபன் அந்தச் சோத்தை முழுக்கச் சாப்பிட்டவனோ? அவனுக்குக் கோழி எண்டாக் கால்தானே வேணும்.

வினோதன்: முழுக்கச் சாப்பிட்டவன் மாமி.

மீனம்மா: சாப்பிட்டிட்டு?

வினோதன்: ரீவியிலை பேந்து ஒரு படம் போட்டவை, நாட்டுப் படம். சின்னப் பிளேன் ஒண்டு அதுக்கு மேலை ஊர்ந்து போகும். நாங்கள் இப்ப எவடத்திலை எண்டு தெரியும்.

மீனம்மா: எங்கடை இடமும் அதிலை இருந்ததோ?

வினோதன்: கொழும்பு இருந்தது. திருகோணமலை இருந்தது. எங்கடை பக்கம் வெறும் பச்சை மாமி. பேரொண்டும் இல்லை.

மீனம்மா: சரி… உலை கொதிக்குது. நான் குசினியைப் பாத்திட்டு வாறன். சாப்பிட்டிட்டுத்தான் போறாய்.

ஏரம்பு: கதவைச் சாத்திப்போட்டுப் போ. புகை வருது.

வினோதன்: நானும் வெளிக்கிடப்போறன் மாமா.

ஏரம்பு: இரு. இன்னும் பிளேன் எழும்பேல்லை.

வினோதன்: எழும்பினதுதானே…

ஏரம்பு: நீ எழுப்பேல்லை. ரீவியிலை இருந்து சோத்துக்குப் பாஞ்சிட்டாய். எழும்பேக்கை சத்தம் எப்பிடி?

வினோதன்: பெரிய சத்தம். குண்டு போடுற கிபிர் பதிஞ்சு வாறமாதிரி. கதிரை, சன்னல் எல்லாம் நடுங்கும்.

ஏரம்பு: கிருபன் என்ன செய்தவன்?

வினோதன்: பயந்திட்டான் மாமா. அப்பிடியே குனிஞ்சு தலையை முழங்காலுக்கை வச்சு, ரெண்டு கையாலையும் பிடரியைப் பொத்தினவன். அந்தச் சீலைப் பிள்ளை தன்ரை கதிரையிலை இருந்தபடி கையைக் காட்டினவா, நிமிருங்கோ, ஒண்டுமில்லை எண்டு. சுத்தி இருந்த வெள்ளையள் பாத்துச் சிரிச்சவை. ரீவியிலையும் கடைசியா அதைத்தான் காட்டினது, விழப்போகுதெண்டா இப்பிடிக் குனியச் சொல்லி. எங்களுக்கு உது படிப்பிக்கத் தேவையில்லை எண்டு நினைச்சனான். ஆனா விழமுதலே…

ஏரம்பு: கிருபனோ குனிஞ்சவன்?

வினோதன்: ஓம்.

ஏரம்பு: வினோதன்.

வினோதன்: ஓம் மாமா.

ஏரம்பு: என்ரை மோன் பிளேனுக்குக் குனிஞ்சதை நான் ஒருநாளும் காணேல்லை. கிபிர் சுத்தேக்கை முத்தத்திலை நிண்டு, நெத்தியிலை கையை வச்சுப் பாத்து எண்ணுவான், ரெண்டு, மூண்டு, போட்டிட்டான் எண்டு. பங்கருக்கை இறங்கடா எண்டு மட்டையாலை அடிச்சிருக்கிறன். எங்கடை பங்கருக்கை முதல் குதிக்கிறது ஆர்? உன்ரை வீடு நாலு வளவு தள்ளி. எண்டாலும் நீதான் முதல். உள்மூலைக்குப் போய், தலையை முழங்காலுக்கை வச்சு, பிடரியைப் பொத்திக்கொண்டு. பிளேன் போய் அரைமணித்தியாலம் ஆனாலும் நிமிரமாட்டாய்.

வினோதன்: மாமா…

ஏரம்பு: மெல்லச் சொல்லு. சன்னலோரம் இருந்தது ஆர்?

வினோதன்: நான்.

ஏரம்பு: பக்கத்திலை?

வினோதன்: ஒரு வெள்ளைக்காரக் கிழவி. முழுக்க நித்திரை.

ஏரம்பு: கிருபன்?

வினோதன்: ஏறேல்லை.

ஏரம்பு: ம். இப்ப சொல்லு.

வினோதன்: கொழும்பிலை லொட்ஜிலை இருந்தனாங்கள். அண்டைக்கு அவன்ரை முறை. அவனுக்குத்தான் பாஸ்போட்டும் டிக்கற்றும் சரிவந்தது. எனக்கு இன்னும் மூண்டு மாசம் செல்லும் எண்டவன், எங்களை வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன். விடிய எனக்கு நெருப்புக் காய்ச்சல். குளிசை வாங்கிக்கொண்டு ஓடிவாறன் எண்டு கிருபன் சாரத்தோடை இறங்கினவன். சட்டை கதவிலை தொங்குது. அடையாள அட்டை சட்டைப் பையுக்கை.

ஏரம்பு: அட்டை இல்லாமல் வெளியிலை போயிட்டான்.

வினோதன்: சந்தியிலை பொலிஸ் மறிச்சு ஜீப்பிலை ஏத்திப்போட்டுது. லொட்ஜ்காரன் கண்டிட்டு வந்து சொன்னவன். அட்டையைக் கொண்டு ஸ்ரேசனுக்கு ஓடு, பின்னேரம் விட்டிடுவாங்கள் எண்டும் அவன்தான் சொன்னவன்.

ஏரம்பு: ஓடினியோ?

வினோதன்: சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினனான் மாமா. சத்தியமா கடைசிப் படி மட்டும் இறங்கினனான். கீழை ஏஜென்சிக்காரன் வான் வண்டியோடை நிண்டவன். பாஸ்போட்டிலை கிருபன்ரை படத்தையும் என்ரை முகத்தையும் மாறி மாறிப் பாத்தவன். காய்ச்சல் முகம்தானே, ஒருத்தனும் வித்தியாசம் பிடிக்கமாட்டான், ஏறு எண்டவன்.

ஏரம்பு: ஏறினாய்.

வினோதன்: போய் இறங்கின உடனை ஆருக்காவது போன் அடிச்சு ஸ்ரேசனுக்குப் போகச் சொல்லலாம் எண்டு நினைச்சனான். முதல் நான் தப்பினாத்தானே…

ஏரம்பு: முதல் தனக்கு.

வினோதன்: அந்தப் பிள்ளை என்ரை வரிசையிலை நிண்டுதான் மாமா காட்டினவா. மிஸ்டர் கிருபன், பெல்ட்டைப் பூட்டுங்கோ எண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டவா. நான் ஓம் எண்டனான். ரீவியிலை அந்தத் தாயும் பிள்ளையும். மூண்டு பாசையிலை போட்டவை. மூண்டு தரமும் எனக்குத்தான் சொன்னமாதிரி. கதவைப் பூட்டியாச்சு. இறங்க ஏலாது.

ஏரம்பு: கதவு பூட்டமுதல் ஏலும்தானே.

வினோதன்: …ஏலும்.

ஏரம்பு: எங்கை பிடிச்சவங்கள்?

வினோதன்: இறங்கின இடத்திலையே. ஒரு மாசம் அடைச்சு வச்சுத் திருப்பி அனுப்பினவங்கள். கொழும்பிலை ஆறு மாசம் மறியலிலை அடைச்சு வச்சவங்கள். அங்கையும் நான் கிருபன்தான். அட்டையும் அந்தப் பேரிலைதானே இருந்தது. பேந்து உண்மையைச் சொன்னா இன்னும் கூட இருக்கவேண்டி வருமெண்டு…

ஏரம்பு: விட்டாப்பிறகு அவனைத் தேடினியோ?

வினோதன்: லொட்ஜ் பூட்டிக் கிடந்தது. ஸ்ரேசன் வாசல் மட்டும் போனனான்.

ஏரம்பு: உள்ளை?

வினோதன்: போகேல்லை.

ஏரம்பு: அட்டை எங்கை?

வினோதன்: இந்தாங்கோ.

ஏரம்பு: எனக்கு வேண்டாம். வச்சிரு. நான் போய் நீட்டினா, கிழவன் எங்கையோ பொறுக்கிக்கொண்டு வந்திட்டான் எண்டு துரத்துவாங்கள். நாளைக்கு என்னோடை வவுனியாவுக்கு வெளிக்கிடுறாய். அங்காலை கொழும்பு. அண்டைக்கு அந்தப் பிளேனிலை போனது நான்தான் எண்டு உன்ரை வாயாலை சொல்லுறாய்.

வினோதன்: திருப்பி அடைச்சுப்போடுவாங்கள் மாமா.

ஏரம்பு: அடைப்பாங்கள். பொய் சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன். அடைப்பாங்கள்.

வினோதன்: அவன் எங்கை இருக்கிறானெண்டே தெரியாது. எந்த வாசலிலை போய் நிண்டு… இருக்கிறானோ எண்டும்… மாமா, மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவன் சன்னலோரம் இருந்து போனவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்.

ஏரம்பு: கதவடியிலை அவ நிண்டு கனநேரம்.

வினோதன்: மாமி…

மீனம்மா: சோறு போட்டிருக்கிறன் தம்பி. கோழி இல்லை, பருப்புத்தான். ஒண்டு கேக்கிறன். கிருபன் என்ன சாப்பிட்டவன்?

வினோதன்: …தெரியாது மாமி.

மீனம்மா: ம். மூண்டாந்தரம் கேட்டாப்பிறகு சொல்லுறாய். நீ வரமுதல், போன செவ்வாய்க்கிழமை செஞ்சிலுவைப் பிள்ளையள் அவன்ரை கடிதம் கொண்டுவந்து தந்தவை. மாமா கூரைத் தடியிலை செருகி வச்சிருக்கிறார். எந்த மறியல் எண்டு அதிலை இருக்கு. கொண்டுவந்த பிள்ளை வாயாலையும் சொன்னது, கிருபன் எண்டவன் அண்டைக்கே பிளேனேறிப் போட்டான், அப்ப நீ ஆர் எண்டு கேட்டுத்தான் இன்னும் விடாமல் வச்சிருக்கினமாம். அவன்ரை பேரிலை ஏறினது ஆரெண்டு அவனுக்கு இண்டைக்கும் தெரியாது. கடைசி வரி உனக்குத்தான் எழுதியிருக்கிறான். குளிசையோடை வாறன் எண்டு போட்டு வரேலாமல் போச்சு, வினோதனுக்குக் காய்ச்சல் விட்டதோ எண்டு. பதில் எழுதவேணும். என்ன தம்பி எழுத?