மேனேஜர் அறையில் ஒரு படம்

1. மாலை ரயில் கும்மிடிப்பூண்டியில் நின்றது.
2. காக்கிச் சட்டை அணிந்த இருவர் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.
3. இளையவர், குழாய் ஃபிட்டர், "அந்தப் படத்த நம்பினா ஃபேக்டரியே எரிஞ்சிடும் மச்சான்" என்றார்.

"இன்னா படம் மாப்ள?"

"மேனேஜர் ரூம்ல புச்சா மாட்டிக்கீறாரு. ஆளு இல்ல, மரம் இல்ல. வெறும் கோடும் கலரும்தான். 'உனக்கு இன்னாப்பா தெரியுது'ன்னாரு."

"நல்லாக்குதுன்னு சொல்லிட்டு வர்றதுதானே? வேலை பர்மனென்ட் ஆவற நேரத்துல!"

"நம்ம பைப்புக்கு அடிக்கிற கலருதான் மச்சான். மஞ்சள் கேஸு, செவப்பு நெருப்பணைக்கிற தண்ணி. அதுல மஞ்சள் நேரா செவப்புல போய் சேருது. நெருப்பு புடிச்சி பைப்ப தொறந்தா கேஸுதான் சார் வரும்னேன்."

"அடப்பாவி! அவரு இன்னா சொன்னாரு?"

"அவரு சம்சாரம் வரைஞ்சதாம்."

"போச்சு. உன்ன தொரத்திட்டாரா?"

"இல்ல. அவருக்கும் அது புடிக்கலியாம். ஊட்ல சொல்ல பயமாம். நாளைக்கி காலைல பத்து மணிக்கி அந்தம்மா வருதாம், இதையே அதுகிட்ட நான் சொல்லணுமாம்."

மூத்தவர் விரல்விட்டு எண்ணினார். "சொன்னா அந்தம்மா தொரத்தும். சொல்லலன்னா இவரு தொரத்துவாரு."

பொன்னேரியில் இருவரும் இறங்கினார்கள். அப்போதைய நிலவரம்: வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அந்த அம்மாள் வருவது காலை பத்து மணிக்கு.