தொடர் முடியும்வரை பொறுங்கள்

எனக்குக் குறட்டைச் சத்தம் ஆகவே ஆகாது. அப்படியிருந்தும் அந்த மனிதரை ஐந்து மாதம் என் வீட்டு மாடியில் வைத்திருந்தேன். எங்கள் பத்திரிகை என்மீது அமைத்த விசாரணைக் குழுவின் குற்றச்சாட்டுகளில் இந்தத் தியாகம் எங்கும் குறிப்பிடப்படவில்லை.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் நிருபர். தையற்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவைப் பற்றித் தொடர் எழுதிவந்தேன். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். திரைச்சீலை என்ன நிறத்தில் தைப்பது என்ற வாய்ச்சண்டையில் கோபித்துக்கொண்டு போனவர், இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. அக்கா அதிகம் பேசமாட்டார். "போனாரு, வரல" என்பார். அதை நான்கு பக்கமாக்குவது என் வேலை. தினமும் கணவருக்கும் சேர்த்து ஒரு தட்டு வைக்கிறார் என்று எழுதினேன். வைக்கவில்லைதான். ஆனால் வைக்கக்கூடியவர்.

வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. அடுத்த முறை போனபோது அக்கா சங்கடப்பட்டார்.

"சாப்பாட்டு நேரத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குறாங்க தம்பி. இப்ப நெஜமாவே ரெண்டு தட்டு வெக்க வேண்டியிருக்கு."

ஆக, நான் எழுதியது உண்மையாகிவிட்டது. குழு இதைப் பொய் என்பது எனக்குப் புரியவில்லை.

நான்காவது வாரம் வெளியானதும், அலுவலக வரவேற்பறையில் ஒருவர் எங்கள் இதழை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். முடிதிருத்தும் கடையில் படித்தாராம்.

"அந்த வீட்டுக்காரரு நான்தாங்க. என்னைய இவ்ளோ நல்லவனா யாருமே சொன்னதில்ல. வீட்டுக்குத்தான் கெளம்பினேன். மொதல்ல உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

தொடர் இருபத்தாறு வாரம் வரும் என்று ஆசிரியர் ஏற்கெனவே விளம்பரம் கொடுத்திருந்தார். நான் வந்தவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அக்கா இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறார், உங்களைக் கண்டால் கத்தரிக்கோலைத்தான் எடுப்பார், ஆறட்டும், நானே பேசிச் சேர்த்துவைக்கிறேன் என்றேன். அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரை என் மாடியில் தங்கவைத்து, வீட்டில் ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லிவைத்தேன். ஒழுகும் குழாய், கிறீச்சிடும் கதவு, ஆடும் கட்டில் எல்லாவற்றையும் சரிசெய்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில், என் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரை என் மனைவி பாராட்டியது அதுவே முதல் முறை.

வாரம் தவறாமல் அவர், "இன்னும் கோவம் கொறையலையா தம்பி?" என்பார். வாரம் தவறாமல் அக்கா ஊசியில் நூல் கோத்தபடி, "ஏதாச்சும் தகவல் உண்டா தம்பி?" என்பார். இருவருக்கும் இல்லை என்ற ஒரே பதிலைத்தான் சொன்னேன். பத்திரிகைக்காரன் நடுநிலை தவறக்கூடாது.

பதினெட்டாவது வாரம் அக்கா காய்ச்சலில் படுத்தார். வாய் பிதற்றும் அளவுக்குக் காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டேன். அந்த ஒரு இதழ் மட்டும் மாடிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். வீணாக அவர் கவலைப்படுவானேன்.

கடைசி வாரத்துக்காகப் புகைப்படக்காரரோடு அவரை அழைத்துப்போனேன். அக்கா கதவைத் திறந்தார். அழவில்லை. கணவரைப் பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு மாசமாச்சு. தம்பி வீட்டு மாடியிலதான் இருந்தேன்."

எங்கே நிற்பது, எப்போது தலைகுனிவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் இந்தக் கேள்வியை மறந்துவிட்டேன். அது என் கவனக்குறைவு.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப தலைமாட்டுல உக்காந்து எழுதினீங்களே. அப்பவும் தெரியுமா?"

தெரியும் என்றேன். நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

அவர் கணவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, என் முகத்தில் கதவைச் சாத்தினார். இருபத்தாறு வாரத்தில் அதுபோல் ஒரு காட்சி அமையவில்லை. புகைப்படக்காரரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார், படமெடுக்கவில்லை.

ஆம், வந்தவரை மறைத்தேன், காத்திருந்தவரை ஏமாற்றினேன். எல்லாம் நான் செய்ததுதான். ஆனால் மறுநாள் காலையில் போய்த் தட்டி, "அக்கா, படத்துக்காக இன்னொரு தடவை அதே மாதிரி சாத்துறீங்களா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். அதைப் போய்த் தொந்தரவு என்று அக்கா புகாரில் எழுதியிருப்பதுதான் மனதைப் புண்படுத்துகிறது.