ஏழாம் மாடிக் கதவு

என் புத்தகத்தில் அச்சுப்பிழைகள் மூன்றுதான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்கு மூன்று. சற்று முன் நீங்கள் படிக்கக் கொடுத்த அரைப்பக்கத்தில் நான்கு இருந்தன. குறையாகச் சொல்லவில்லை, காவல் துறைக்கு வேறு வேலைகள் உண்டு.

அந்தப் புத்தகம் 'ஏழு மாடி' என்ற வீடியோ கேமின் வரலாறு. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த விளையாட்டு. ஒரு சின்ன மனிதன் பூட்டிய கட்டடத்துக்குள் மாடி மாடியாக ஏறுவான். ஏழாம் மாடியில், நடைவழியின் கோடியில், ஒரு நீலக் கதவு இருக்கும். அது திறக்காது. விளையாட்டு வேறு வழியாக முடிந்துவிடும். கதவு அப்படியே நிற்கும். தட்டினால் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பள்ளி நாளில் ஒரு விடுமுறை முழுவதும் நான் தட்டினேன். என் அப்பா வீட்டைவிட்டுப் போன வருடம் அது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன்.

அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்பதை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தேன். படைத்தவர் அதை வேண்டுமென்றே மூடினார், இழப்பின் முழு இலக்கணமும் அந்த மரப்பலகையில் இருக்கிறது என்பது என் முடிவு. அந்த முடிவை மேற்கோள் காட்டி மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஒருவர் கதவை முதுகில் பச்சை குத்திக்கொண்டிருக்கிறார், கைப்பிடியோடு.

படைத்தவர் யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் விளையாட்டை எழுதியவரின் பெயரை அட்டையில் போடுவதில்லை. போட்டால் அடுத்த கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயம். அவர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தேன். நூலில் இருந்த ஒரே தகவல் பிழை அது.

நான் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வீடியோ கேம் அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்கு அவர் மகளோடு வந்து இறங்கினார். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவராம். காப்பாளரின் அறையில் உட்காரவைத்துப் பேசினோம். மூன்றாம் மாடியில் ஓயாமல் பெய்யும் மழையைப் பற்றிக் கேட்டேன். என் நூலில் அதற்கு நாற்பது பக்கங்கள்.

"மழையா? திரையில கோடு கோடா விழுந்துது தம்பி. சரி பண்ண நேரமில்லை. மழைன்னு சொல்லிட்டோம்."

"நாயகனுக்கு முகமே இல்லையே?"

"மொத்தம் எட்டுப் புள்ளிதான் மிச்சம். முகம் வேணுமா, கால் வேணுமான்னு பார்த்தேன். கால் இல்லாம எப்படி மாடி ஏறுவான்?"

கதவைப் பற்றியும் நான்தான் கேட்டேன்.

"அதுவா. அன்னிக்கு எனக்குப் பல்வலி. கதவுக்குப் பின்னால ஒரு ரூம் போடணும்னு இருந்தது. பல்லைப் பிடுங்கிட்டு வந்து போடலாம்னு போனேன். வர்றதுக்குள்ள கம்பெனிக்காரங்க டிஸ்க்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

மகள் சிரித்தாள். "அப்போ அந்த மனுஷன் முதுகுல பச்சை குத்தியிருக்கறது உங்க கடவாய்ப் பல்லையாப்பா?"

காப்பாளர் சிரித்தார். நானும் சிரித்தேன், எனக்குச் சிரிக்கத் தெரியும். பெரியவர் தன் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். தேதியிட்டு எழுதியிருந்தது: 'ஏழாம் மாடிக் கதவு, ரூம் பாக்கி. பல் டாக்டர் 11 மணி.'

"நாலு மணிக்கு மேடையில இதைச் சொல்லிடுங்க சார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றார் காப்பாளர்.

நடைவழியில் பெரியவரிடம் பக்குவமாகத்தான் பேசினேன். "உங்களுக்கே தெரியாம உங்க மனசு அந்தக் கதவை மூடியிருக்கலாம் இல்லையா சார்?"

"மனசு நல்லாத்தான் இருந்தது. தாடைதான் வீங்கியிருந்தது." என் தோளில் கை வைத்தார். "நீங்க பிரமாதமா எழுதியிருக்கீங்க தம்பி. படிச்சப்போ எனக்கே கண் கலங்கிடுச்சு. நான்தான் அவ்வளவு யோசிக்கலை. மேடையில உங்களைப் பத்தியும் நல்லதா நாலு வார்த்தை சொல்லிடறேன்."

இதனால் நான் புண்பட்டதாக எழுதிக்கொள்ளாதீர்கள். வரலாறு எழுதுகிறவன் புண்படுவதில்லை, சரிபார்ப்பான். சம்பந்தப்பட்டவரின் நினைவைப் போல நம்பத்தகாத சாட்சியம் வேறில்லை என்பது எங்கள் துறையின் பாலபாடம்.

நோட்டை ஆவண அறையில் அவரே தன் கையால் வைக்கட்டும் என்று யோசனை சொன்னேன். அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. "அப்பாவைக் கொஞ்சம் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்கண்ணா, அவருக்குப் படி சரியாத் தெரியாது" என்றாள் மகள். கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் பட்டால் பழைய டிஸ்க்குகள் பாழாகிவிடும் என்பதால், தீப்பிடித்தால், அல்லது வெளிச்சுவரில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால், அங்கே ஒரு வாயு நிரம்பும். மூச்சுக் காற்றை அது வெளியே தள்ளிவிடும். மணி அடித்த முப்பது நொடிக்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். ஆனால் கதவின் உட்புறக் கைப்பிடி இழுத்தால் கையோடு வந்துவிடும். அதைச் சரிசெய்யச் சொல்லி மூன்று முறை எழுத்து மூலம் புகார் கொடுத்தவன் நான். நகல்கள் இருக்கின்றன.

அவர் அலமாரியில் நோட்டை வைத்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கைப்பிடி என் சட்டைப்பையில் இருந்தது. உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் பையில் இருப்பது அதுதான்.

முதலில் மெதுவாகத் தட்டினார். "தம்பி, இங்க கைப்பிடியைக் காணோம். வெளியிலேர்ந்து திறங்க." எரிச்சலே இல்லாத குரல். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுவரில் இருந்த மஞ்சள் நெம்புகோலை இழுத்தேன். மணி அடித்தது. மேலே நாற்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருந்தன. ஏதோ விளையாட்டின் சத்தம் என்று நினைத்ததாகக் காப்பாளர் உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மையாகத்தான் இருக்கும்.

நோட்டை நான் தொடவில்லை. ஆவணங்களை அழிக்கிறவன் அல்ல நான். 'எழுதியவர் உறுதிப்படவில்லை' என்று அட்டவணையில் பதிந்துவிட்டு மேலே வந்தேன்.

நான்கு மணிக்கு அவரைக் காணவில்லை என்றதும், அவர் வரும்வரை என்னைப் பேசச் சொன்னார்கள். கதவைப் பற்றிப் பேசினேன். அரங்கத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருடைய மகளும்.

முப்பத்தைந்து ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் வெளியிலிருந்துதான் தட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அதைப் படைத்தவரே நின்றுகொண்டிருக்கலாம் என்று இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 'ஊகம்' என்று நேர்மையாகக் குறிப்பிட்டிருக்கிறேன். அடுத்த பதிப்பில், அந்த மூன்று அச்சுப்பிழைகளோடு, அந்தச் சொல்லையும் எடுத்துவிடலாம்.