கடைசி ஆளுக்குப் பின்னால்

நேத்து ராத்திரி நல்லாவே தூங்கினேன் மேடம். கட்டில் இல்லையேன்னு நீங்க சங்கடப்பட வேண்டாம், எனக்குத் தரைதான் தோது. வருஷக்கணக்கா தண்ணி கேன் தூக்குற முதுகுக்கு மெத்தை ஒத்துக்காது. வீட்டுலயும் என் சம்சாரம் மேல படுப்பா, நான் கீழ.

நிதானமாவே சொல்றேன், எழுதிக்குங்க. ஞாயித்துக்கிழமை மாரத்தான்ல என் சம்சாரம் செத்துப்போனா. வெயில்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். இப்ப அந்தக் காலேஜ் பொண்ணு உங்ககிட்ட வந்து வேற மாதிரி சொல்லிருக்கு. அது சொன்னது நிஜம்தான். அது மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல. கண்ணால பார்த்ததச் சொல்லிருக்கு, பாவம்.

ஆனா ஒண்ணு மொதல்ல எழுதிக்குங்க. இத்தனை வருஷத்துல நான் அவ மேல ஒரு தடவ கூடக் கை ஓங்கினது கிடையாது. அக்கம்பக்கத்துல யார வேணா கேளுங்க. தங்கமா வெச்சிருந்தேன்.

வீட்டுல நாங்க ரெண்டே பேர். குழந்தை இல்ல. அதப் பத்தி ரெண்டு பேருமே வாயத் திறக்க மாட்டோம். காலைல நான் வேன்ல கேன் ஏத்தும்போது டீ கொண்டாந்து பானட்டு மேல வெச்சிட்டுப் போவா. சாயங்காலம் திரும்பினா வாசல்லயே நின்னு, "இன்னைக்கு எத்தனை மாடிங்க?"ன்னு கேப்பா. லிஃப்ட் இல்லாத வீட்டுக்கெல்லாம் நான்தான சுமந்து ஏத்தணும். நான் கூட்டிச் சொல்லுவேன். அவளும் அய்யோன்னு உச்சுக்கொட்டி வெந்நீர் வெப்பா. பெருசா ஒண்ணும் இல்ல மேடம், இவ்வளவுதான் எங்க குடித்தனம். எனக்கு அது போதுமா இருந்துச்சு.

அப்புறம் அவளுக்கு சுகர் வந்துச்சு. டாக்டர் நடக்கச் சொன்னாரு. ஷூ வாங்கிக் கொடுத்தது நான்தான், அதையும் எழுதிக்குங்க. ஆரஞ்சு கலர் ஷூ. "இந்த வயசுல இதப் போட்டுட்டு எப்படிங்க வெளிய போறது"ன்னு வெக்கப்பட்டா. நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன். ஒரு நாள் நடந்துட்டு இருந்தவ தெருமுனை வரைக்கும் ஓடிப்பார்த்திருக்கா. வந்து இடுப்பப் பிடிச்சுட்டு நின்னு ஒரே சிரிப்பு. கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிச் சிரிக்கல.

தெருவுல கிண்டல் பண்ணாங்க. "கேன்காரர் வீட்டுப் புயல் கிளம்பிடுச்சு"ன்னு டீக்கடைல சொல்லுவாங்க. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். மொதல்ல வேன எடுத்துட்டு அவ பின்னாலயே போவேன், நாய் கீய் துரத்தினா என்ன பண்றதுன்னு. பத்து நாள் போயிருப்பேன். "பின்னால வராதீங்க, அந்த வண்டிச் சத்தம் என்ன விரட்டுற மாதிரி இருக்கு"ன்னுட்டா. சரின்னு விட்டுட்டேன்.

அப்புறம் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் ஒரு குரூப் வெச்சிருக்காரு, அதுல சேர்ந்தா. நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், தப்பா எதுவும் இல்ல. மாஸ்டர் பேத்தி எடுத்தவரு, குணமான மனுஷன். அப்படி ஏதாவது இருந்திருந்தா எனக்கு ஒரு பிடியாவது கிடைச்சிருக்கும். சத்தம் போட்டிருக்கலாம், நாலு பேரக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். அவ எந்த ஆம்பளையையும் பார்க்கல மேடம். ரோட்டத்தான் பார்த்தா. அதுகூட எப்படிச் சண்டை போடறது, நீங்களே சொல்லுங்க.

விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவா. டீய நானே போட்டுக்கிட்டேன். சாயங்காலம் சீக்கிரமே படுத்துடுவா, மறுநாள் ஓடணுமே. நான் எத்தனை மாடி ஏறினேன்னு கேக்க ஆள் இல்ல. ஒரு நாள் நானாவே சொன்னேன். ரொம்ப அதிகம் அன்னைக்கு, ஆஸ்பத்திரிக்குப் புதுசா சப்ளை. கண்ண மூடிட்டே, "முட்டிய மடக்கித் தூக்குங்க, முதுகுல வாங்காதீங்க"ன்னா. எனக்கே சொல்லித் தர்றா பாருங்க. முட்டி, கணுக்கால், மூச்சு, இதத் தவிர எங்க வீட்டுல வேற பேச்சே இல்லாமப் போச்சு.

அதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கிட்டேன். மாஸ்டர் மாரத்தான் நடத்தப்போறாருன்னு பேச்சு வந்தப்போ தண்ணி சப்ளைய நானே எடுத்துக்கிட்டேன். அவ ஓடுற ஓட்டத்துக்கு வேற எவன் கேனோ வர்றதா, எப்படி மனசு வரும்?

கேன் இறக்கி வைக்கிறது பத்திப் பேசத்தான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவரு என் கையப் பிடிச்சு, "உங்க வீட்டம்மாவுக்கு வேலை அநேகமா உறுதிங்க"ன்னாரு. என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு நின்னேன். அவரு சொல்லச் சொல்லத்தான் புரிஞ்சுது. வெளியூர்ல பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம். ஹாஸ்டல்ல தங்கிப் பிள்ளைங்களைப் பார்த்துக்கணும், காலைல ஓட்டப் பயிற்சி கொடுக்கணும். அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மாரத்தானுக்கு வர்றாங்க. குறிச்ச நேரத்துக்குள்ள இவ முழு ஓட்டத்தையும் முடிச்சுட்டா அங்கயே ஆர்டர் கொடுத்துடுவாங்களாம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். முடிச்சாத்தான வேலை, முடியலன்னா எதுக்கு வீணா உங்களையும் குழப்பிக்கிட்டுன்னு..."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்களேன்."

"கேன் வியாபாரத்த என்ன பண்றது?"

"அந்த ஊர்லயும் மனுஷங்க தண்ணி குடிக்கத்தான செய்றாங்க"ன்னு சிரிச்சா.

நீங்க அத வெச்சு ஏதோ நினைக்கிறீங்க, முகத்துலயே தெரியுது. அவ கூப்பிட்டது ஒரு பேச்சுக்கு மேடம். வாங்களேன்னு சொல்றதுக்கும் வாங்கன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இல்லையா? கிளம்பணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிட்டா. நான் வரலன்னாலும் போயிருப்பா. சிரிச்சுட்டே போயிருப்பா.

அதனால அவ அந்த ஓட்டத்த முடிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான். அவ சாகணும்னு நான் நினைக்கல. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு, நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா.

இப்ப வேலை எப்படின்னு சொல்றேன். வழி நெடுக மேசை போட்டிருப்போம். ஒவ்வொரு மேசையிலயும் தண்ணி, குளுக்கோஸ், வாழைப்பழம், ரெண்டு காலேஜ் பிள்ளைங்க. கடைசி ஆள் தாண்டினதும் மேசைய எடுத்து வேன்ல ஏத்திக்கிட்டு அவங்க பின்னாலயே போகணும். அந்த வேன்தான் என்னுது. கடைசி ஆளுக்குப் பின்னால வேன், இது ஒண்ணுதான் விதி. மாஸ்டர் என்கிட்ட ஏழெட்டுத் தடவ சொல்லிருப்பாரு. பின்னால ஒரு வண்டி வருதுன்னு தெரிஞ்சாத்தான் ஓடுறவங்களுக்குத் தைரியம்னு.

முழு ஓட்டம் ஓடினவங்கள்ல அவதான் கடைசி. மெதுவாத்தான் ஓடுவா, ஆனா நிறுத்தாம ஓடுவா. கிராமத்து ரோடெல்லாம் முடிஞ்சு கால்வாய்க்கரைப் பாதை ஆரம்பிக்கும்போது அவளுக்கு முன்னால ஓடினவரு, பேங்க்ல ரிட்டயர் ஆன பெரியவரு, கண்ணுக்கெட்டாத தூரம் போயிட்டாரு. அன்னைக்கு அந்தப் பாதைல வண்டி எதுவும் விடல. இந்தப் பக்கம் தண்ணியில்லாத கால்வாய், அந்தப் பக்கம் அறுத்து முடிச்ச சோளக்காடு. வெயில் மண்டையப் பிளந்துச்சு. நான் காட்டு வழியாச் சுத்தி வேன அவளுக்கு முன்னால கொண்டுபோனேன்.

மொத மேசைல அந்தப் பொண்ணு இருந்துச்சு. "ஆன்ட்டி இன்னும் வரலையே அங்கிள்?"ன்னு கேட்டுச்சு. "முடியலன்னு முன்னாடியே நின்னுட்டாம்மா, வீட்டுக்கு அனுப்பிட்டேன், நீங்க கிளம்புங்க"ன்னேன். மேசையத் தூக்கி ஏத்த அதுவே ஒரு கை பிடிச்சுது. அடுத்த மூணு மேசையிலயும் இதையேதான் சொன்னேன். கால்வாய்க்கரைல இருந்ததே அந்த நாலுதான். மாஸ்டருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். "அடடா, பரவால்லைங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்லுங்க, திட்டாதீங்க"ன்னாரு. அதோட வழில நின்ன ஆளுங்களையெல்லாம் அவரே கிளம்பச் சொல்லிட்டாரு. அவ போன் என்கிட்டதான் இருந்துச்சு. ஓடும்போது இடைஞ்சலா இருக்கும்னு காலைல அவளேதான் கொடுத்தா.

சுகர் மாத்திரை போட்டுட்டு ஓடுறவங்களுக்கு வழில இனிப்பா ஏதாவது உள்ள போகணும்னு எனக்குத் தெரியுமான்னு நேத்து கேட்டீங்க. தெரியும் மேடம். டாக்டர் சொல்லும்போது பக்கத்துல நான்தான உக்காந்திருந்தேன். குளுக்கோஸ் டப்பா எல்லாம் வேன்லதான் இருந்துச்சு. வந்து ஏறிக்கிட்டா குடிக்கட்டும்னுதான் வெச்சிருந்தேன். வீட்டுக்குப் போயிடலாம், ரெண்டு நாள் அழுவா, அப்புறம் எல்லாம் பழையபடி ஆயிடும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு புருஷன் போடக்கூடாத கணக்கா அது?

நாலாவது மேசை இருந்த இடத்தத் தாண்டி ஒரு புளியமரம். அது நிழல்ல வேன நிறுத்திட்டு ஒரு பாட்டில ஈரத்துணி சுத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு வந்தா. மூஞ்சி வெளுத்துப்போய், உதட்டோரம் உப்பு பூத்து, கால் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. மேசை இருந்த இடத்துல மண்ணு ஈரமா இருக்கும் பாருங்க, அங்க நின்னா. குனிஞ்சு பார்த்தா. நிமிர்ந்து வேனப் பார்த்தா. பின்கதவு திறந்துதான் இருந்துச்சு. கேனெல்லாம் தண்ணியோட அடுக்கி இருந்துச்சு.

"நீங்களா எடுத்தீங்க?"

கோவமா எல்லாம் கேக்கல. சும்மா, கடைக்குப் போயிட்டு வந்தீங்களான்னு கேக்குற மாதிரி.

"போதும்மா, ஏறிக்கோ"ன்னேன்.

கைய நீட்டினா, பாட்டிலுக்கு. "மொதல்ல ஏறு, ஏறி உக்காந்து குடி"ன்னேன். வண்டில ஏறிட்டா ஓட்டம் முடிஞ்சுது, அது அவளுக்கும் தெரியும். நீட்டின கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்புறம் கைய இழுத்துக்கிட்டா. என்னை ஒரு பார்வை பார்த்தா மேடம். எத்தனையோ தடவ நினைச்சுப் பார்த்துட்டேன், அதுல திட்டு இல்ல. யாரோ தெரியாத ஆள்கிட்ட வழி கேட்டு, அந்த ஆளுக்கும் தெரியலன்னா ஒரு பார்வை பார்ப்போமே, அது மாதிரி. அப்படியே வேனத் தாண்டி ஓட ஆரம்பிச்சுட்டா.

ஓட்டம்னு அதச் சொல்ல முடியாது. நாலடி வெப்பா, நிப்பா. நான் வேன எடுக்கல. பின்னால வராதீங்கன்னு சொன்னவ அவதான. அவ பேச்சுக்கு மரியாதை கொடுத்துதான் நின்னேன். கூப்பிடுற தூரம் கூடப் போயிருக்க மாட்டா, பாதையோரமா உக்காந்துட்டா. அப்புறம் ஒருக்களிச்சு சாஞ்சா. எல்லாம் கண்ணாடி வழியா தெளிவாத் தெரிஞ்சுது. ஒரு வார்த்தை, வாயத் திறந்து ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் பறந்து போயிருப்பேன்.

அப்புறம் நான்தான் தூக்கினேன். அவ சொல்லித் தந்த மாதிரியே முட்டிய மடக்கித் தூக்கினேன். கேன் எல்லாத்தையும் கால்வாய்க்குள்ள உருட்டி விட்டுட்டு அவள வேன்ல படுக்க வெச்சேன். ஆஸ்பத்திரில நான் கதறினது வேஷம்னு உங்க ஏட்டு சொல்லிட்டிருந்தாரு. வேஷம் இல்ல மேடம், அத மட்டும் மாத்தி எழுதச் சொல்லுங்க. மாஸ்டர் வந்து என் காலப் பிடிச்சுட்டு அழுதாரு. "வீட்டுல இருப்புக்கொள்ளாம மறுபடி ஓட வந்துட்டாங்களா, நான்தான் ஆசை காட்டிக் கெடுத்துட்டேன்"ன்னு. நான் அவர் தோள்ல தட்டி ஆறுதல் சொன்னேன். வேற என்ன சொல்றது அந்த நேரத்துல.

வீட்டுல அந்த ஷூ இல்லாத இடம் வாசல்ல அப்படியே இருக்கு. இன்னைக்குக் காலைல கண்ண முழிச்சதும், அவ ஓடப் போயிருக்கா, வந்துடுவான்னுதான் நினைச்சேன். ஒரு நிமிஷம். அப்புறம் உங்க லாக்கப் கம்பி தெரிஞ்சுது. 

அவ கடைசியா ஏதாவது பேசினாளான்னு நேத்து கேட்டீங்க, இல்லன்னேன். இதுல நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அத மாத்திக்குங்க. சாயறதுக்கு முன்னாடி திரும்பி வேனப் பார்த்தா. "ஏங்க"ன்னு கூப்பிட்டா. காத்து என் பக்கமாத்தான் அடிச்சுது, நல்லாவே கேட்டுச்சு. எவ்வளவு நாள் ஆச்சு மேடம், அவ என்னை அப்படிக் கூப்பிட்டு. எனக்கு மனசே நெறைஞ்சுபோச்சு. இன்னொரு தடவ கூப்பிடட்டும், போவோம்னு உக்காந்திருந்தேன்.