இராஜாங்கம் வாத்தியார் கரும்பலகையில் கொடுத்த மூணு மா

...சங்கிலிய வரப்புல வச்சிட்டுச் செத்த நேரம் கேளுங்க சர்வேயர் சார். இந்த மூணு மா வயல அளந்து அவங்க பேருக்குக் கல்லு நட்டுட்டீங்கன்னா, எனக்குன்னு நிக்க ஒரு சாண் வயலு கெடையாது. எங்க அப்பாரு வெத்தல கூட போடாம மிச்சம் புடிச்சு வாங்குனது. சும்மா தலைய ஆட்டாதீங்க, என் மேல தப்பு இருக்கான்னு கேட்டுட்டு அப்பறம் அளங்க.

எல்லாம் இந்த எட்டாம் வகுப்பால வந்த வென. நாப்பத்தோரு புள்ளைங்க, நாப்பத்தொண்ணும் ‘ஐ கேவ் தே’ன்னுதான் எழுதும். குடுக்குறவன் ‘ஹி’டா, வாங்கிக்கிறவன் ‘ஹிம்’முடா, ‘தே’ வாங்குனா ‘தெம்’மா ஆயிடும்டான்னு ஆனி மாசத்துலேருந்து கத்துறேன். தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சம். சரி, ஊரு ஆளுங்க பேரப் போட்டா மண்டையில ஏறும்னு, ‘துரைராசு வீரையனை அடித்தார், ஹி பீட் ஹிம்’முன்னு எழுதிப் போட்டேன். சாயங்காலமே வீரையன் வந்துட்டாரு. விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவரு அவரு. ஏன் சார், இங்கிலீசுலயும் நாங்கதான் அடி வாங்கணுமான்னாரு. ஞாயந்தானே? மறுநாளு திருப்பிப் போட்டேன். மிராசுதாரு துரைராசு வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாரு. மொத நாளு அடிச்சதா எழுதுனப்ப வாயத் தொறக்காத மனுசன், அடி வாங்குனதா எழுதவும் வானத்துக்கும் பூமிக்குமா குதிச்சாரு.

எதுக்குடா வம்பு, நம்ம பேரயே போட்டுக்குவோம், அடிதடி வேண்டாம், குடுக்குற மாதிரி போடுவோம்னு... நல்ல எண்ணத்துலதான் சார்... இராஜாங்கம் வீரையனுக்கும் செவ்வந்திக்கும் அம்சத்துக்கும் நெலத்தக் குடுத்தாருன்னு இங்கிலீசுல முழுசா எழுதி, கீழ ‘ஹி கேவ் தெம் த லேண்ட்’னு எழுதுனேன். அந்த மூணு பேருதான் இந்த வயல்ல வருசா வருசம் நட்டு அறுக்குறவங்க, வாயில வந்த பேரு. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வர்ற வாரமாச்சேன்னு தேதி போட்டு கையெழுத்தும் போட்டேன்.

நீங்க வெளியூரு, ஒங்களுக்குத் தெரியாது. மூணு வருசமா எங்க ஊர்ல கூலித் தகராறு. தாசில்தாரு வந்து ரெண்டு பக்கத்தாளையும் ஒக்கார வச்சு முத்தரப்புப் பேச்சுவார்த்த பேசுவாரு. முடிவ எட்டாம் வகுப்புக் கரும்பலகையிலதான் எழுதுவாரு, அத விடப் பெரிய பலக ஊர்ல இல்ல. எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாச்சுன்னா ஒப்பந்தம். அவரு வந்துதான் அழிக்கணும். இந்தப் புள்ளைங்க சும்மா இருந்தா தானே? ‘கேவ் தெம் த லேண்ட்’னு தெருவெல்லாம் ஒப்பிச்சிக்கிட்டே போயிருக்குதுங்க. பெத்தவங்க வந்து பலகையப் பாத்தாங்க. விடிஞ்சு பாத்தா வீட்டு வாசல்ல மேளம். அந்த மூணு பேரும் எனக்கு ரோசாப்பூ மாலையப் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, நேரா வயல்ல எறங்கி நாத்த நட்டுட்டாங்க. மாலையக் கழட்டாம நானும் வரப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். என் பொஞ்சாதி காளியம்மா அன்னைக்குப் பேச்ச நிறுத்துனவ.

போன திங்கக்கெழம தாசில்தாரு வந்தாரு. ஊரே வகுப்புக்குள்ள. தங்கமான மனுசன், என்னயத் தனியாக் கூப்புட்டு, “இங்கிலீசு தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க வாத்தியாரே, நானே அழிச்சிடுறேன்”னாரு. ஒரு வார்த்த சார். நெலம் பொழச்சிருக்கும்.

சொல்லத்தான் வாயத் தொறந்தேன். முன் பெஞ்சுலேருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் புள்ளைங்க என் மூஞ்சியவே பாக்குதுங்க. நாலு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் நாப்பத்தொண்ணும் ஒண்ணு பாக்கியில்லாம ‘தெம்’முன்னு எழுதியிருந்துச்சு. தப்புன்னு சொன்னேன்னா மறுபடியும் ‘தே’க்குப் போயிடுமே.

“எழுதுனது சரிதாங்க”ன்னுட்டேன்.

அதோடயாவது விட்டேனா? தாசில்தாரு கையில இருந்த சாக்பீச வாங்கி, அது பக்கத்துலயே பெருசா ஒரு டிக்கும் போட்டுட்டேன்.